சாடில் ஸ்க்ரூவுக்குக் கடைசியில் வாருங்கள்

பேஸ் கிட்டார் குறித்து குமரி மேற்கு, பாலக்காடு, தேவிகுளம், நகரி எனப் பல எல்லையோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலும் ஒரே புகார்தான்: ஓப்பனில் (விரல் வைக்காமல் மீட்டும்போது) சுருதி சரியாக இருக்கிறது, ஃப்ரெட்டில் (நெக் எனும் கழுத்துக் கட்டையில் குறுக்கே பதித்த கம்பியில்) விரல் வைத்தால் விலகுகிறது. இந்த விலகலைச் சரிசெய்வதைத்தான் இன்டோனேஷன் பார்ப்பது என்கிறோம். பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தாங்கி, முன்னும் பின்னும் நகரும் சின்னக் கட்டைதான் சாடில். பொதுவான முறையை முதல் கேள்வியின் பதிலிலேயே விரிவாகத் தந்துவிட்டோம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: ஐயா, எங்க சபைப் பாடகர் குழுவுல நாலு ஸ்ட்ரிங் பேஸ் வாசிக்கிறேன். ஓப்பன் ஸ்ட்ரிங் நாலும் டியூனர்ல பச்சை காட்டுது. ஆனா ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டினா கீபோர்டோட ஒட்டவே மாட்டேங்குது. வீடியோ பார்த்து பிரிட்ஜுல சாடில் ஸ்க்ரூவைத் திருகினேன், முன்னைவிட மோசமாப் போச்சு. எங்க தப்பு? முறைப்படி எப்படிச் செய்யணும்?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: திசை மாறியிருக்கும், அல்லது சாடிலை நகர்த்திய பிறகு ஓப்பன் ஸ்ட்ரிங்கை மறுபடி டியூன் செய்யாமலே 12-வது ஃப்ரெட்டைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆனால் சாடிலைத் தொடும் முன்பே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றை விட்டுவிட்டு இன்டோனேஷன் பார்த்தால் இன்று சரியாவது நாளை விலகும்.

முதலில் காரணம். வழக்கமான பேஸின் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் கணக்கு நீளம்) 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளை வெட்டுகளில் தாங்கும் துண்டுதான் நட். நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் சரிபாதியில், 431.8 மி.மீட்டரில் இருக்கும். கணக்குப்படி அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி அச்சாகக் கேட்க வேண்டும். கேட்காது. ஸ்ட்ரிங்கை ஃப்ரெட் வரை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. தடித்த ஸ்ட்ரிங்கின் விறைப்பும் சேர்ந்து இன்னும் ஏற்றுகிறது. இந்த ஏற்றத்தைக் கழிக்கத்தான் ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கணக்கைவிடச் சற்றுக் கூட்டி வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் நீளத்தைத் தருவது சாடில். தடிமன் கூடக் கூட நீளமும் கூட வேண்டும். ஆகவே மேலிருந்து பார்த்தால் மிக மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கின் சாடில் நெக்குக்கு மிக அருகிலும், டி, ஏ அதற்குப் பின்னாலும், மிகத் தடித்த இ எல்லாவற்றுக்கும் பின்னாலும் சாய்வரிசையாக நிற்கும். உங்கள் பிரிட்ஜில் அந்த வரிசை தலைகீழாக இருந்தால் டியூனரே வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

இனி வரிசை. முதல் வேலை ஸ்ட்ரிங். வருடக்கணக்கில் வியர்வை குடித்து, ஃப்ரெட் பட்டுப் பட்டுக் குழி விழுந்த ஸ்ட்ரிங்கின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இருக்காது. அப்படிப்பட்ட ஸ்ட்ரிங்குக்குச் சரியான சாடில் இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. புது செட் போடுங்கள். 45-65-85-105 என்ற அளவு (ஸ்ட்ரிங்குகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) எங்கும் கிடைப்பது. போடும்போது முறுக்கு ஏறாமல் நேராக விடுங்கள். வெட்டுவதாக இருந்தால், வெட்டும் இடத்துக்கு முன்னால் செங்கோணமாக மடித்துவிட்டு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள் கம்பியின் மேல் சுற்று நழுவி, புது ஸ்ட்ரிங்கே செத்த ஓசை தரும். டியூனிங் கீயின் தண்டில் இரண்டு மூன்று சுற்று போதும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் கீழே இறங்க வேண்டும்.

டியூன் செய்தபின், சாடிலுக்கு ஓர் அங்குலம் முன்னால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் கட்டைவிரலால் மெல்ல ஒருமுறை கீழே அழுத்திவிடுங்கள். புது ஸ்ட்ரிங் சாடில் மேல் வில்லாக வளைந்து ஏறி நிற்கும். அந்த வளைவு இருக்கும்வரை ஸ்ட்ரிங் எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவில்லை. நட் பக்கமும் இதேபோல். பலர் விட்டுவிடும் வேலை இது. இதைச் செய்தவுடனேயே இரண்டு மூன்று சென்ட் மாறுவதைப் பார்க்கலாம். (ஒரு செமிடோனில், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு இடையிலான சுருதி வித்தியாசத்தில், நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.)

இரண்டாவது, நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்தபடி, 7, 8-வது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. சுற்றி இருக்கலாம். அளக்க, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டேப்பெட் பார்க்க விற்கும் ஃபீலர் கேஜே போதும். அதுவும் இல்லையென்றால் சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ.; மூன்று தாள் சிக்காமல் உரசிப் போக வேண்டும். இடைவெளி அதிகமென்றால், சாவி போடும் பக்கமிருந்து பார்த்து டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டு) வலச்சுற்றாகக் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். மறுபடி டியூன் செய்து, நெக் அடங்க நேரம் கொடுத்து, திரும்ப அளந்து பாருங்கள். சாவி இறுகி அடம்பிடித்தால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, ஸ்ட்ரிங் உயரம். 17-வது ஃப்ரெட்டின் மேல்முனைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே இ-க்கு 2.4 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. என்று தொடங்குங்கள். சாடிலின் இரண்டு சின்ன ஆலன் ஸ்க்ரூக்களையும் ஒரே அளவு திருகினால்தான் சாடில் சாயாமல் நிற்கும். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. சாவி பொருந்தும். அமெரிக்கத் தயாரிப்பென்றால் அங்குல அளவுச் சாவி வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியைப் போட்டுத் திருகினால் அறுகோணம் வட்டமாகிவிடும். உயரத்தை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உயரம் கூடினால் ஸ்ட்ரிங் அதிகம் இழுபடும், இன்டோனேஷன் தானாக மாறும்.

இப்போதுதான் சாடில். கேபிளை நேராக டியூனர் பெடலில் செருகுங்கள். டோன் குமிழைக் குறைத்து, நெக் பக்கப் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) மட்டும் வையுங்கள். கிட்டாரை மேஜையில் மல்லாத்தாமல், வாசிக்கிற நிலையிலேயே மடியில் பிடியுங்கள். 12-வது ஃப்ரெட்டின் நேர்மேலே ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, மணி போல ஒலிக்கும் ஹார்மோனிக்கை எழுப்பி, முள்ளைச் சரிநடுவில் நிறுத்துங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில், பாட்டுக்கு எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவே அழுத்தி, மெதுவாக மீட்டிப் பாருங்கள். மீட்டிய கணத்தில் முள் மேலே துள்ளும். அதை விட்டுவிட்டு, அடங்கி நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுங்கள்.

அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடில் பின்னால் போக வேண்டும், நெக்கை விட்டு விலகி. இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி வர வேண்டும். ஸ்க்ரூத் தலை பிரிட்ஜின் பின்சுவரில் இருக்கும் வழக்கமான வகையில், வலச்சுற்று சாடிலைப் பின்னால் இழுக்கும்.

எவ்வளவு திருகுவது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கணக்கே இருக்கிறது. 34 அங்குல ஸ்கேலில் சாடில் 1 மி.மீ. நகர்ந்தால், ஓப்பனை மறுபடி டியூன் செய்தபின் 12-வது ஃப்ரெட்டில் 2 சென்ட் மாறும். ஸ்க்ரூ எம்3 வகையாக இருந்தால் ஒரு முழுச்சுற்றுக்கு அரை மி.மீ.; அதாவது ஒரு சுற்று, ஒரு சென்ட். உங்கள் இ 6 சென்ட் ஏறியிருக்கிறது என்றால் 3 மி.மீ. பின்னால், ஆறு சுற்று. திருகும் முன் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இறுகிய ஸ்ட்ரிங்கின் அடியில் சாடிலை இழுத்தால் ஸ்க்ரூவின் ஸ்டார் வெட்டு தேயும், ஸ்ட்ரிங்கின் சுற்றும் நசுங்கும். நகர்த்தியபின் ஹார்மோனிக்கை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் அடுத்த சோதனை. நாலு ஸ்ட்ரிங்கும் முடிந்ததும் முதலாவதற்குத் திரும்பி வந்து ஒருமுறை பாருங்கள். நெக் கொஞ்சம் அசைந்திருக்கும்.

2 சென்ட்டுக்குள் வந்துவிட்டால் விட்டுவிடலாம். விரல் அழுத்தத்திலேயே அதைவிட அதிகம் மாறும். சபைப் பாட்டுகளில் நீங்கள் பெரும்பாலும் புழங்குவது 3, 5, 7 ஃப்ரெட்டுகளில். கடைசியாக அங்கேயும் டியூனரில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. 12-வது ஃப்ரெட் அச்சு மாதிரி இருக்கிறது. முதல், இரண்டாம் ஃப்ரெட்டில் எஃப், எஃப் ஷார்ப் வாசித்தால்தான் ஏறிப் பேசுகிறது.
— வாசகர், கருங்கல்

பதில்: சாடிலை விடுங்கள், நட்டைப் பாருங்கள். நட்டின் வெட்டு ஆழமில்லாமல் ஸ்ட்ரிங் உயர்ந்து நின்றால், முதல் ஃப்ரெட்டை எட்ட ஸ்ட்ரிங்கை அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். மேலே போகப் போக அந்தப் பாதிப்பு குறைந்துவிடும். 3-வது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு தாள் நுழையும் அளவு போதும். கட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை நுழைகிறதென்றால் நட் உயரம்.

அரத்தால் தேய்ப்பது கவனமான வேலை. ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு ஏற்ற வட்ட அரம் வேண்டும். ஹேக்ஸா பிளேடு வேண்டாம். வெட்டு, கீ பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். ஃபிங்கர் போர்டை ஒட்டிய விளிம்புதான் உச்சம். அந்த உச்சம் பின்பக்கம் போய்விட்டால் ஓப்பன் ஸ்ட்ரிங் தம்பூரா மாதிரி ஜிவ்வென்று இரையும், அழுத்திய சுரங்கள் எல்லாமே ஏறும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ஸ்ட்ரிங்கை வைத்துப் பாருங்கள்.

ஆழம் கூடிப்போனால் வழி உண்டு. சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்து, வெட்டில் சிட்டிகை ஆப்ப சோடாவை நிரப்பி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். அந்த நொடியே சூடாகிக் கல்லாகிவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தேய்க்கலாம். நிரந்தரத் தீர்வு புது நட்தான். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு இது தாங்கும்.

நட் சரியாக இருந்தும் ஏறினால், கை காரணம். உயரமான ஃப்ரெட்டுகள் உள்ள பேஸில் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு எல்லா சுரமும் சில சென்ட் ஏறியே வரும். ஃப்ரெட்டை ஒட்டி, பின்னால், லேசாக அழுத்தப் பழகினால் அடங்கும்.

கேள்வி: கடற்கரையில் வீடு. சாடில் உயரம் மாற்றும் சின்ன ஸ்க்ரூக்கள் துருவேறி அசையவே மறுக்கின்றன. தேங்காய் எண்ணெய் விட்டும் பலனில்லை.
— வாசகர், குளச்சல்

பதில்: தேங்காய் எண்ணெய் நம் பக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து. ஆனால் துருவின் இடுக்கில் அது இறங்காது, தூசியைச் சேர்த்துப் பிசுக்காக நிற்கும். துரு இளக்கும் எண்ணெய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதையும் கிட்டார் மேல் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மரத்துக்கும் பூச்சுக்கும் பிக்கப்புக்கும் கேடு. ஸ்ட்ரிங்கைக் கழற்றி, சாடிலின் அடியில் துணியை மடித்து வைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் மரையிலும் ஒரு சொட்டு வையுங்கள். மேலேயும் அடியிலும். இரவு முழுக்க ஊறட்டும்.

காலையில் ஸ்க்ரூவில் ஆலன் சாவி நுழையும் குழியில் சிக்கிய துருத்தூளை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, சாவியை முழுக்க இறக்கி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் திசையில். இறுக்கித் தளர்த்தினால் துருப்பிடிப்பு உடையும். அப்படியும் வரவில்லையென்றால், சாடிலை இன்டோனேஷன் ஸ்க்ரூவோடு தனியே கழற்றி வெளியே எடுத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் நுனியை அந்தக் குட்டி ஸ்க்ரூவின் மேல் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றி, ஆறியதும் முயலுங்கள். கிட்டாரிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

வெளியே வந்த ஸ்க்ரூவை எடுத்துப் போய் அதே மரை, அதே நீளத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கி மாற்றுங்கள். பழையதைத் தேய்த்துப் போட்டால் அடுத்த மழைக்குள் திரும்பவும் பிடிக்கும். போடும்போது மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. வாசித்து முடித்ததும் பிரிட்ஜை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், ஏனென்றால் உள்ளங்கை வியர்வை நேராக அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

பிரிட்ஜையே கழற்றினால் ஒரு எச்சரிக்கை: அடியில் மரத்துளையிலிருந்து ஒரு வெற்றுக் கம்பி எட்டிப் பார்க்கும். அது எர்த் கம்பி. பிரிட்ஜின் உலோகத்தில் அது பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மடங்கி உள்ளே போய்விட்டால் ஆம்பில் ஓயாத இரைச்சல் வரும். பலர் பிக்கப் போய்விட்டது என்று அலைவார்கள்.

கேள்வி: கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ். தமிழும் தெலுங்கும் மாறி மாறி வரும். பாடகருக்காக முழு கிட்டாரையும் அரை நோட் இறக்கி வைத்திருக்கிறோம். இறக்கியதிலிருந்து பி ஸ்ட்ரிங் தொளதொள, இன்டோனேஷனும் போச்சு. செல்போன் டியூனர் பி ஸ்ட்ரிங்கைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், நகரி

பதில்: அரை நோட் இறக்கினால் ஸ்ட்ரிங்கின் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். தளர்ந்த ஸ்ட்ரிங்கை அதே உயரத்திலிருந்து அழுத்தினால் சுருதி முன்பைவிட அதிகம் ஏறும். ஆகவே ஐந்து சாடிலும் கொஞ்சம் பின்னால் போயாக வேண்டும். பழைய சுருதிக்குச் செய்த செட்டிங் இதற்குப் பொருந்தாது. நெக்கின் மேலுள்ள பாரமும் குறைந்திருப்பதால் வளைவு குறைந்து ஃப்ரெட்டில் உரசலாம். மார்த்தாண்டம் வாசகருக்குச் சொன்ன வரிசையை முதலிலிருந்து செய்யுங்கள்.

இந்தச் சுருதியிலேயே நிரந்தரமாக இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு படி தடித்த செட் போடுங்கள். பி-க்கு 130 இருந்தால் 135. நட் வெட்டில் அது அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மேடையில் அரை நோட் இறக்கி, அடுத்த மேடையில் ஏற்றி என்று மாறிக்கொண்டே இருந்தால் எந்த செட்டிங்கும் நிற்காது. சுருதியை மாற்றாமல் விரலை ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிப்பதே நல்லது. அதற்குத்தானே அஞ்சாவது ஸ்ட்ரிங்.

செல்போன் சங்கதி எளிது. ஓப்பன் பி 30.9 ஹெர்ட்ஸ். போனின் மைக் அவ்வளவு கீழே சரியாகக் கேட்காது. மேலுள்ள ஏதோ ஒரு ஹார்மோனிக்கைப் பிடித்து உளறும். 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கில் டியூன் செய்யுங்கள். அது 61.7 ஹெர்ட்ஸ், 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதேதான். நீங்கள் இறக்கி வைத்திருப்பதால் இரண்டும் 58.3-க்கு வரும். மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது மைக் வழியே டியூன் செய்வது வீண். கேபிள் வழி டியூனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பி ஸ்ட்ரிங்கில் 3 சென்ட் வரை விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி: கர்நாடக சங்கீதப் பின்னணி எங்களுடையது. நண்பர்கள் சேர்ந்து ஃப்யூஷன் வாசிக்கிறோம். பேஸுக்கு இன்டோனேஷன் நுணுக்கமாகச் செய்தாயிற்று. எலக்ட்ரானிக் தம்பூராவோடு வாசிக்கையில் ஸ, ப சேருகின்றன. அந்தர காந்தாரத்தில் நின்றால் மட்டும் காது கூசுகிறது. சாடில் இன்னும் சரியாகவில்லையா?
— வாசகர், கல்பாத்தி, பாலக்காடு

பதில்: சாடில் சரி, உங்கள் காதும் சரி. ஃப்ரெட்தான் அங்கே இல்லை.

பேஸின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து அடிக்கப்பட்டவை. ஷட்ஜத்திலிருந்து நான்காவது ஃப்ரெட் 400 சென்ட். தம்பூராவின் நாதத்திலேயே ஒலிக்கும் சுத்தமான அந்தர காந்தாரம் 5/4 விகிதம், 386 சென்ட். பதினான்கு சென்ட் ஏற்றம். காகலி நிஷாதம் 1088-க்குப் பதில் 1100. பன்னிரண்டு சென்ட் ஏற்றம். பஞ்சமம் 702-க்கு 700, சுத்த மத்யமம் 498-க்கு 500. இந்த இரண்டில் உள்ள வித்தியாசம் காதில் விழாது, அதனால்தான் ப சேர்ந்துவிடுகிறது. கல்யாணி, சங்கராபரணம் எடுத்தால் காந்தாரமும் நிஷாதமும் காட்டிக்கொடுத்துவிடும். கீபோர்டோடு வாசிக்கும்போது அதுவும் இதே சமப்பங்கில் இருப்பதால் உறுத்தாது; தம்பூரா முன்னால் மறைக்க முடியாது.

வீணையில் இந்தச் சிக்கலை மேளம் கட்டுபவர், அதாவது மெட்டு (வீணையின் ஃப்ரெட்) வைப்பவர், தீர்க்கிறார்: தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகில் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி வைக்கிறார். பேஸில் மெட்டு மரத்தில் அறைந்தது. நகர்வது சாடில் மட்டும். சாடிலை நகர்த்தி காந்தாரத்தை இறக்கப் பார்த்தால் 12-வது ஃப்ரெட்டும் மற்றவையும் கெடும். ஸ்ட்ரிங்கை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது.

ஆகவே செய்யக்கூடியது: பேஸை ஸ, ப, மேல் ஸ என்ற ஆதார சுரங்களில் வைத்து, காந்தாரத்தை நிற்காமல் கடந்து போங்கள். நின்றே ஆக வேண்டிய இடத்தில் ஒரு ஃப்ரெட் கீழிருந்து, அதாவது சாதாரண காந்தாரத்திலிருந்து, இழுத்து ஏற்றி 386-இல் நிறுத்தலாம். மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கில் இது முடியும். இ ஸ்ட்ரிங்கில் விரல் கெஞ்சும். இந்த இசையிலேயே தொடரப் போகிறீர்கள் என்றால் ஃப்ரெட்லெஸ் பேஸ் உங்களுக்கு. கமகமும் அதில்தான் உயிரோடு வரும்.

இன்னொன்று. தம்பூரா உங்கள் டியூனரின் 440-இல் (ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவில்) இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாடகர் அதை ஒரு நூல் ஏற்றியோ இறக்கியோ வைத்திருப்பார். டியூனரின் ஆதார எண்ணை மாற்றி தம்பூராவின் ஷட்ஜத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். சில ஹெர்ட்ஸ் மாற்றத்துக்கு இன்டோனேஷனைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: எஸ்டேட் இளைஞர் குழுவுக்கு விலை குறைந்த பேஸ் ஒன்று வாங்கினோம். இ சாடிலைக் கடைசி வரை பின்னால் இழுத்தாகிவிட்டது. இன்னும் 5 சென்ட் ஏற்றம்.
— வாசகர், தேவிகுளம்

பதில்: 5 சென்ட் என்றால் இன்னும் 2.5 மி.மீ. வேண்டும். புது ஸ்ட்ரிங், நெக், நட், உயரம் எல்லாம் பார்த்தாயிற்று என்று எடுத்துக்கொள்கிறோம். பார்க்காமல் கேட்டிருந்தால், உயரத்தைக் குறைத்தாலே இதில் பாதி போய்விடலாம்.

சாடிலைத் தடுப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்தான். ஸ்க்ரூவில் கோத்திருக்கும் ஸ்பிரிங் முழுக்க நசுங்கி, சுருள் சுருளோடு முட்டி நிற்கும். ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போடுங்கள். வெட்டிய முனை சாடில் பக்கம் போகாமல் பின்சுவர்ப் பக்கம் இருக்கட்டும். பெரும்பாலும் வேண்டிய இடம் இதிலேயே கிடைத்துவிடும். ஸ்பிரிங்கை அடியோடு எடுத்துவிட்டாலும் ஸ்ட்ரிங்கின் இழுப்பில் சாடில் நிற்கும், ஆனால் ஸ்ட்ரிங் மாற்றும்போது இடம் தவறும்.

அப்படியும் போதவில்லையென்றால் பிரிட்ஜே இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். நட்டின் உள் விளிம்பிலிருந்து 12-வது ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஸ்கேல் நீளம். நட்டிலிருந்து அந்த நீளத்தில் ஜி சாடில் ஏறக்குறைய நிற்க வேண்டும், இ அதற்குப் பின்னால். நாலு சாடிலுமே பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதென்றால் பிரிட்ஜைத்தான் பின்னுக்குத் தள்ளித் திருகணும். பழைய துளைகளில் மரக்குச்சியும் ஃபெவிக்காலும் வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, புதுத் துளை போட வேண்டும். எர்த் கம்பியை மறக்க வேண்டாம். வாரண்டி இருந்தால் இதற்கெல்லாம் முன்பே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய மாடல் பேஸ் ஒன்று கிடைத்தது. நாலு ஸ்ட்ரிங்குக்கு இரண்டே சாடில். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்ட்ரிங் கெடுகிறது. நாலு சாடில் உள்ள கனமான பித்தளை பிரிட்ஜ் போட்டுவிடலாமா?
— வாசகர், பாறசாலை

பதில்: 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் வடிவம் அது. 1957-இல் அந்த நிறுவனமே நாலு சாடிலுக்கு மாறிவிட்டது. இரண்டு சாடிலில் செய்யக்கூடியது சமரசம்: இ, ஏ ஜோடியில் ஒன்று 2 சென்ட் ஏற்றம், மற்றது 2 சென்ட் இறக்கம் என்று பங்கிட்டு வையுங்கள். டி, ஜி-க்கும் அப்படியே. அதிகம் வாசிக்கும் ஸ்ட்ரிங்குக்குச் சலுகை கொடுக்கலாம்.

மாற்றுவதானால் நாலு சாடில் வேண்டும், கனம் தேவையில்லை. பித்தளையின் எடை இன்டோனேஷனை ஒன்றும் செய்யாது. வாங்குமுன் ஸ்க்ரூத் துளைகளின் அமைப்பும், ஸ்ட்ரிங்குகளின் இடைவெளியும் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். கழற்றிய பழைய பிரிட்ஜைப் பத்திரமாக வையுங்கள்; பழைய மாடலை விற்க நினைத்தால் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: தென்மேற்குப் பருவத்தில் சாரல் தொடங்கினாலே பேஸ் கெட்டுவிடுகிறது. வருடத்துக்கு எத்தனை முறை இன்டோனேஷன் பார்க்க வேண்டும்?
— வாசகர், செங்கோட்டை

பதில்: சாடில் தானாக நகராது. ஈரத்தில் அசைவது நெக். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்தையும் பூச்சையும் பொறுத்தது. ஆகவே சாரல் தொடங்கியதும், பனி முடிந்து வெயில் ஏறியதும் வளைவை அளந்து பாருங்கள். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலே இன்டோனேஷன் பெரும்பாலும் திரும்பிவிடும். வேறு தடிமன் அல்லது வேறு வகை ஸ்ட்ரிங் போட்டால் மட்டும் முழுதாகச் செய்யுங்கள். பையோடு தரையில், ஈரச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: இ ஸ்ட்ரிங்கில் 12-க்கு மேலே ஒரே நேரத்தில் இரண்டு சுரம் கேட்கிற மாதிரி அலையடிக்கிறது. டியூனர் முள்ளும் நிற்கவில்லை. ஸ்ட்ரிங் புதுசு.
— வாசகர், கூடலூர்

பதில்: பிக்கப் மிக அருகில் இருக்கிறது. அதன் காந்தம் ஸ்ட்ரிங்கைத் தன் பக்கம் இழுப்பதால் ஸ்ட்ரிங் சீராக ஆடாமல் இரண்டு விதமாக ஆடுகிறது. மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங் காந்தத்துக்கு இன்னும் நெருங்குவதால் அங்கே அதிகம் தெரிகிறது. கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி இ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. வரும்படி பிக்கப்பை இறக்குங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தியும் பிக்கப் இறங்கவில்லையென்றால் அடியில் உள்ள ஃபோம் கட்டியாகியிருக்கும் அல்லது வயர் சுருண்டு முட்டுக்கொடுத்திருக்கும். பிக்கப்பை வெளியே எடுத்துப் பாருங்கள், வயரை இழுத்துவிடாமல். அலை நின்றதா என்று கேட்டபின்பே இன்டோனேஷனைத் தொடுங்கள். பிக்கப்பை இறக்கியும் அலை போகவில்லை என்றால், புதுசாக இருந்தாலும் ஸ்ட்ரிங்கையே சந்தேகிக்கலாம்: ஒருமுறை முழுக்கக் கழற்றி, முறுக்கை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.